மூடிய கோயிலில் குளம்புச் சத்தம்

செத்த குதிரை நடமாடுகிறது என்று முறைப்பாடு கொடுக்க ஓர் இராணுவக் கப்டன் வருவார் என்று கான்ஸ்டபிள் பாயிஸ் கனவிலும் நினைத்திருக்கவில்லை. வந்தவர் உள்ளேயும் வரவில்லை. மன்னார் பொலிஸ் நிலையத்துப் படலைக்கு வெளியே, கொதிக்கிற வெயிலில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். கதிரை கொண்டுபோய்ப் போட்டதற்கும் வேண்டாமென்று கையைக் காட்டினார். அவ்வளவு தள்ளி நின்றும் அவரிடமிருந்து பினைல் மணம் குப்பென்று அடித்தது.

"கிட்ட வராதேங்கோ," என்றார். "என்ரை உடுப்பிலை தொற்று வருத்தம் ஒட்டியிருக்கலாம்."

பாயிஸ் அந்தக் கணமே பின்வாங்கிவிட்டான். எருக்கலம்பிட்டிக்காரன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். கள்ளனைப் பிடிக்கப் போவதென்றால் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு எழும்பி ஓடுகிறவன். ஆனால் பேய், ஜின், தொற்றுநோய் மூன்றும் அவனுக்கு ஆகாது. அன்று மூன்றும் கூட்டுச் சேர்ந்து வாசலுக்கே வந்திருந்தன. இன்ஸ்பெக்டர் தில்லைநாதனோ ஆறுதலாக எழும்பி வந்து, வேப்பமர நிழலில் நின்று, சொல்லுங்கோ என்றார். வீடு பற்றி எரிந்தாலும் எந்த மூலையில் தொடங்கியது என்று விசாரித்துவிட்டுத்தான் அந்த மனுசன் வாளியைத் தூக்கும் என்று பாயிஸ் வீட்டில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

கப்டனின் பெயர் நவரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், இராணுவத்து மிருக வைத்தியர். சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த அந்த நாளில், கொழும்பு அணிவகுப்புக்கென்று இந்தியாவில் வாங்கிய ஒன்பது குதிரைகள் கப்பலில் தலைமன்னாருக்கு வந்திறங்கின. இறங்கும்போதே அதில் ஒரு வெள்ளைக் குதிரைக்கு மூக்கால் சீழ். ஒன்றையும் தீவை விட்டு அசைக்கக் கூடாது என்று கொழும்பிலிருந்து தந்தி வந்தது. தோட்டவெளிக்கு அப்பால், கடற்கரை மணலில், கிடுகுக் கொட்டில் போட்டு ஒன்பதையும் அடைத்துவைத்தார்கள்.

கிளான்டர்ஸ் என்று சந்தேகமாம். மூக்கால் சீழ் வடியும், தாடைக்குக் கீழே கட்டி வரும். ஆளுக்கும் தொற்றும், தொற்றினால் தப்புவது அருமை. குதிரைக்கு அதற்கு ஒரே வைத்தியம் துவக்குத்தான். ஆனால் இதேபோலத் தொடங்கும் இன்னொரு நோயும் இருக்கிறது, குதிரைக்காரர்கள் தொண்டைக்கட்டி என்பார்கள். அந்தக் கட்டி பழுத்து உடைந்து சில கிழமையில் ஆறிப்போகும். இரண்டில் எது என்று கண்டுபிடிக்கும் சோதனை மருந்து இந்தியாவிலிருந்து வரவேண்டும். கேட்டு எவ்வளவோ நாள், இன்னும் வந்தபாடில்லை.

"ஆறுதோ எண்டு கொஞ்ச நாள் பாப்பம் எண்டு கேட்டனான்," என்றார் கப்டன். "பாத்துக்கொண்டிருக்கக்குள்ள நாடு முழுக்கப் பரவிப்போடும் எண்டு மேலிடம் சொல்லிப்போட்டுது."

ஆகவே முதலில் வெள்ளைக் குதிரையைச் சுட்டுப் புதைத்தார்கள். பிறகு ஒரு செவலைப் பெட்டைக்கும் கட்டி வந்தது, அதையும் சுட்டார்கள். மிச்சம் ஏழு. அதில் மூன்றுக்கு இப்போது மூக்கு ஒழுகத் தொடங்கிவிட்டது. இன்று பின்னேர ரயிலில் கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், ஏழையும் சுடுவதற்கான கட்டளையோடு. இதைச் சொல்லும்போது கப்டன் தொப்பியைப் பார்த்தபடி சொன்னார். ஏழுக்கும் அவர்தான் பெயர் வைத்தவர்.

"அதுக்குள்ளை இந்தப் பேய்க்கதை. விடியக்காலமையிலை கடற்கரையிலை குளம்புத் தடம் கிடக்குது. கடலுக்குள்ளையிருந்து வருது, திரும்பக் கடலுக்குள்ளை போகுது. என்ரை குதிரை எல்லாத்துக்கும் லாடம் இருக்கு. இந்தத் தடத்துக்கு லாடம் இல்லை. சுடுறதுக்கு முன்னம் லாடத்தைக் கழட்டுறது வழக்கம். வெள்ளையின்ரை லாடம் நாலும் என்ரை கந்தோரிலைதான் தொங்குது."

குதிரைக்காரர்கள் பாதிப் பேர் ஓடிவிட்டார்களாம். யாரோ நோய்க் குதிரையை வெளியே கொண்டுபோய்த் தீவுக் கழுதைகளுக்கெல்லாம் பரப்புகிறான் என்றால் அதிகாரி வருமுன் அது தெரியவேண்டும் என்பதுதான் அவருடைய முறைப்பாடு. ஆனால் அது முழுக்கதை இல்லை என்று தில்லைநாதனுக்கு விளங்கியிருக்க வேண்டும். பேசாமல் காத்துக்கொண்டு நின்றார். கப்டன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நானும் கண்டனான். நேற்று விடியப்புறம், பனிப்புகார் மூடிக் கிடந்த நேரம். கழுத்தளவு தண்ணியிலை வெள்ளையா நிண்டுது. தலையைத் திருப்பி என்னைப் பாத்தது. நான் படிச்சவன், ஐயா. ஆனால் நான் கண்டனான்."

பாயிஸ் ஜீப்பை எடுக்கும்போதே வாய்க்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டான்.

கொட்டில்களைச் சுற்றி முட்கம்பியும் சிவப்புக் கொடியும். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே போகிறவனும் வெளியே வருகிறவனும் அதில் காலை நனைக்கவேண்டும். பாயிஸ் மூன்று தரம் நனைத்தான். சோழகக் காற்று மணலை வாரி எறிந்துகொண்டிருந்தது. ஏழு குதிரைகளும் ஒரு சத்தமில்லாமல் ஒரே பக்கம் பார்த்தபடி நின்றன. கடலுக்குச் சமாந்தரமாக, பனங்கூடல் இருந்த பக்கம். அங்கே என்ன இருக்கிறது என்று பாயிசும் பார்த்தான். ஒன்றுமில்லை, பனையும் வெயிலும்தான். அவன் போய் நாலாம் தரமும் காலை நனைத்துவிட்டு வந்தான்.

முகாமில் பயமில்லாத ஒரே ஆள் அந்தோனிமுத்து என்றார் கப்டன். அரிப்பு ஊரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பையன், ஆறடி உயரம், கொஞ்சமாகப் பேசுகிறவன். இரண்டு குதிரையையும் சுட்டவன் அவன்தான். பேய்க்கதை தொடங்கியபிறகு விடியற்காலைக் காவலுக்கு யாரும் போகமாட்டோம் என்று நின்றபோது, நான் போறன் என்று தானாக வந்தவனும் அவன்தான். இவனைப் போல நாலு பேர் இருந்தால் போதும் என்று கப்டன் அவனுடைய தோளில் தட்டினார். அந்தோனிமுத்து நிலத்தைப் பார்த்தான்.

தில்லைநாதன் அவனிடம் அதிகம் கேட்கவில்லை. வெள்ளைக் குதிரையைச் சுட்டது எப்போது என்று கேட்டார். யூலை இருபத்தைந்து என்று கப்டன்தான் பதில் சொன்னார். அன்று காலை சோதனை மருந்து வந்ததா என்று பார்க்கத் தான் தலைமன்னார்த் துறைக்குப் போய் இரவு அங்கேயே தங்கிவிட்டதாகவும், திரும்பி வரும்போது குழி மூடிச் சுண்ணாம்பும் போட்டு முடிந்திருந்தது என்றும் சொன்னார். தொற்றுக்குப் பயந்து சுடுகிறவனைத் தவிர வேறு யாரும் கிட்டப் போவதில்லையாம். செவலையைச் சுட்டபோது மட்டும் தானே பக்கத்தில் நின்றாராம்.

"வெள்ளை விழேக்குள்ளை உதறினதோ?" என்று கேட்டார் தில்லைநாதன்.

"இல்லை, ஐயா. ஒரேயடியா விழுந்தது," என்றான் அந்தோனிமுத்து.

குழிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. செவலையின் குழி நடுவில் பள்ளம் விழுந்து, சுண்ணாம்பு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓரத்தை நாய்கள் கிளறியிருந்தன. இரண்டு நாய் அப்போதும் அங்கே படுத்திருந்தன. ஆனால் அதற்கு முந்திய வெள்ளையின் குழி கூட்டிவிட்ட முற்றம் மாதிரி மட்டமாக இருந்தது. அதில் ஒரு நாய்க்கால் தடமும் இல்லை.

பாயிசுக்கு உடனே எல்லாம் வெளித்துவிட்டது. "சேர், அது எழும்பிப் போயிட்டு. நாய்க்கு இதெல்லாம் தெரியும், சேர். அதுதான் கிட்ட வருதில்லை."

"நீர் சொல்லுறதிலை பாதி சரி," என்றார் தில்லைநாதன். பாராட்டா பகிடியா என்று பாயிசுக்கு விளங்கவில்லை. கிண்டிப் பார்ப்போமா என்று கேட்டான். நோய்ப் பிணத்தைக் கிண்டச் சட்டமில்லை என்று கப்டன் மறித்தார். கட்டளை இருந்தாலும் மண்வெட்டி பிடிக்க ஆளில்லை. நல்லது, பாயிஸ் கேட்டது வாய் உசாரில்தான்.

பிறகு அவர்கள் கடலோரமாக நடந்தார்கள். அன்றைய தடம் இன்னும் கிடந்தது. ஈரமணலில் ஆழமாகப் பதிந்த பெரிய குளம்பு, கழுதைக் குளம்பைப் போல இரண்டு மடங்கு. தண்ணீரிலிருந்து ஏறி, பனங்கூடல் பக்கம் திரும்பி, காய்ந்த மணலில் காற்று அழித்த இடத்தில் காணாமல் போனது. பேய்க்கு இவ்வளவு பாரமா என்று தில்லைநாதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பனங்கூடலுக்குள்தான் கோயில் இருந்தது.

கடல் முருகைக்கல்லால் கட்டிய சின்னக் கத்தோலிக்கக் கோயில். வெள்ளைக் குதிரையேறிய புனிதர் சந்தியோகுமையோர் உள்ளே இருக்கிறார், ஆளுயரக் குதிரை, மரத்தில் செதுக்கியது. வருடத்தில் பத்து நாள், நவநாளுக்கும் பெருநாளுக்கும் மட்டும் திறப்பார்கள். பிறகு பூட்டினால் அடுத்த வருடம்தான். வாசலில் கறுப்புச் சேலை கட்டிய ஒரு கைம்பெண், அறுபது வயதிருக்கும், நனைத்த கடலையை ஓலைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். சேலையில் இடுப்புக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. கருவாட்டு உப்பாக்கும் என்று பாயிஸ் நினைத்தான்.

பெயர் பெற்றிசியா. பிறந்தது அரிப்பு, வாழ்க்கைப்பட்டது தோட்டவெளி. கோயில் பூட்டுத் திறப்பு அவரிடம்தான். கேட்காமலே சொன்னார்: பெருநாள் முடிந்து பூட்டியதிலிருந்து உள்ளே குதிரை நடக்கிற சத்தம் கேட்கிறதாம். ஊரே கேட்டுவிட்டது, ஒருவரும் இந்தப் பக்கம் வருவதில்லை. தான் மட்டும் நேர்த்திக்குக் கடலையும் தண்ணீரும் வைக்கிறாராம். விடியப் பார்த்தால் பெட்டி வெறுமையாக இருக்குமாம்.

"திறந்து பாக்கேல்லையோ, அம்மா?"

"நானோ? அந்தப் பாவத்தை ஆர் சுமக்கிறது, தம்பி."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே கேட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். கல் நிலத்தில் குளம்பு மாற்றி வைக்கிற சத்தம். காற்று ஓய்ந்திருந்தது, பனையோலை ஒன்றும் அசையவில்லை. கதவின் கீழ் இடுக்கில் இலையான்கள் ஈக்கூட்டமாக மொய்த்து இரைந்துகொண்டிருந்தன. பாயிசுக்கு ஓடவேண்டும் போல இருந்தது, ஆனால் தனியே ஓடுவதற்கு இன்னும் பயமாக இருந்ததால் இன்ஸ்பெக்டரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

தில்லைநாதன் கதவைத் தொடவில்லை. பூட்டைக் குனிந்து பார்த்தார், இலையானைப் பார்த்தார். அந்த வழியால் ஒரு கழுதை போனது, கழுத்தில் வாடிக் கருகிய பூமாலை. அது என்ன அம்மா என்று கேட்டார். பெற்றிசியாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. பெருநாளுக்குப் போட்ட மாலை என்றார். சந்தியோகுமையோர் குதிரையேறினவர் அல்லவா, அவருடைய நவநாள் தொடங்கிப் பெருநாள் முடியும்வரைக்கும் இந்தக் கரையில் யாரும் கழுதைக்கும் குதிரைக்கும் கை ஓங்கமாட்டார்கள். சாமான் தின்றாலும் அடிக்கமாட்டார்கள். ஓங்கினால் அந்த வீட்டு ஆம்பிளை கடலிலிருந்து திரும்பமாட்டான். இது அரிப்பிலும் அப்படித்தானோ என்று தில்லைநாதன் கேட்டார். அரிப்பில் இதைவிடக் கடுமை என்றார் அந்த மனுசி பெருமையாக.

பெருநாள் எந்தத் திகதி என்று கேட்டதற்கு, யூலை இருபத்தைந்து என்றார்.

திரும்பும் வழியில் இன்ஸ்பெக்டர் பாயிசை முகாமுக்கு அனுப்பினார். கப்டனையும் அந்தோனிமுத்துவையும் உடனே கோயிலடிக்குக் கூட்டிவரச் சொன்னார். கப்டன் ஒரு சோடி இறப்பர்க் கையுறையும் கொண்டுவரவேண்டும். ரயில் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனால் அதிகம் இல்லை.

வெயில் மஞ்சளாகச் சரிந்து பனைகளின் நிழல் கோயில் கதவில் ஏறியபோது ஐந்து பேரும் வாசலில் நின்றார்கள். அந்தோனிமுத்துவும் பெற்றிசியாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க இரண்டு பேரும் படாதபாடு பட்டார்கள்.

"கப்டன், செவலையின்ரை குழி பள்ளமாத் தாண்டு போய்க் கிடக்குது," என்று தில்லைநாதன் தொடங்கினார். "புதைச்ச உடம்பு அழியேக்குள்ளை மண் இறங்கும். நாய் மணத்துக்கு வரும். அதுக்கு முன்னமே புதைச்ச வெள்ளையின்ரை குழி இறங்கவும் இல்லை, நாயும் வரேல்லை. உள்ளுக்கு மண்ணைத் தவிர ஒண்டும் இல்லை. பேய் எண்டால் உடம்பை விட்டிட்டுத்தான் வெளிக்கிடும்."

கப்டன் வாய் திறந்தார். தில்லைநாதன் கையை உயர்த்தினார்.

"நீங்கள் யாழ்ப்பாணத்துச் சைவம், உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. யூலை இருபத்தைந்து சந்தியோகுமையோர் பெருநாள். அண்டைக்கு இந்தக் கரையிலை ஒரு கழுதைக்கும் ஈர்க்குக்கூட ஓங்க மாட்டினம். நீங்கள் அரிப்புப் பொடியன் ஒருத்தனைக் கூப்பிட்டு, வெள்ளைக் குதிரையைச் சுடு எண்டு துவக்கைக் குடுத்திட்டுத் தலைமன்னாருக்குப் போட்டியள். அவன் மண்ணுக்குச் சுட்டான். லாடத்தைக் கழட்டி உங்களுக்குச் சாட்சி வைச்சான். மணல் திட்டிக்குப் பின்னாலை குதிரையை மறைச்சு வைச்சு, பெருநாள் சனம் கலைஞ்ச பிறகு தண்ணிக்குள்ளாலை நடத்திக் கொண்டுபோனான். தண்ணியிலை தடம் நிக்காது. பிறகும் விடியக்காலமை காவலுக்கு அவன்தான். கட்டியைக் கடல் தண்ணியிலை கழுவ அவன்தான் கொண்டுபோனவன்."

"எங்கை கொண்டுபோனான்?" என்றார் கப்டன்.

"சத்தம் கேட்டாலும் ஒருத்தரும் திறக்காத ஒரே இடத்துக்கு. மரக்குதிரை நடந்தால் ஊர் கும்பிட்டுக்கொண்டு விலகிப் போகும். ஆனால் மரக்குதிரையை இலையான் மொய்க்காது. பூட்டிலை புது எண்ணெய். திறக்கவே இல்லை எண்ட அம்மாவின்ரை சேலையிலை குதிரை மயிர்."

பாயிஸ் அந்தச் சேலையை மறுபடி பார்த்தான். உப்பென்று நினைத்தது கட்டை கட்டையான வெள்ளை மயிர். காலையிலிருந்து கண்ணுக்கு முன்னால் இருந்ததைக் கருவாடாக்கிவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பெற்றிசியா இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தார். கதவு திறந்தது. சாணமணமும் பினைலும் கலந்த சூடான காற்று வந்து முகத்தில் அடித்தது. உள்ளே இருட்டில் இரண்டு வெள்ளைக் குதிரைகள் நின்றன. ஒன்றின்மேல் புனிதர் வாளோடு இருந்தார். மற்றது மெதுவாகத் தலையைத் திருப்பி, வெளிச்சத்துக்குக் கண்ணைக் கூசிக்கொண்டு, கப்டனைப் பார்த்தது.

கப்டன் கையுறை மாட்ட மறந்து உள்ளே போனார். குதிரையின் தாடைக்குக் கீழே விரலை வைத்தார். வெகுநேரம் தடவினார். மூக்கைத் துடைத்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்தார்.

"ஆறியிருக்கு," என்றார். "கட்டி உடைஞ்சு, தழும்பு விழுந்து, சுத்தமா ஆறியிருக்கு. மூக்கும் காய்ஞ்சிட்டுது. கிளான்டர்ஸ் இப்பிடி ஆறாது. இது தொண்டைக்கட்டி. ஏழும் தப்பும். கொழும்பிலையிருந்து ஆர் வந்தாலும் இந்தக் குதிரையைக் காட்டினால் காணும், சுடேலாது."

"இதைத்தான் நீங்கள் பாக்க வேணும் எண்டு கேட்டனீங்கள்," என்றார் தில்லைநாதன். "ஆறுதோ எண்டு. சாட்சி இவ்வளவு நாளும் இஞ்சை நிண்டிட்டுது."

பாயிசுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை, அவனே கேட்டும்விட்டான். குதிரைக்குச் சுகம் வந்ததை இவர்கள் கண்டிருப்பார்கள்தானே, ஓடிவந்து கப்டனிடம் சொன்னால் என்ன? அந்தோனிமுத்து அவனை ஒரு விளங்காத பார்வை பார்த்தான்.

"அவர் சுகமாக்கினவர்," என்றான், உள்ளே இருந்த புனிதரைக் காட்டி. "கட்டி உடைஞ்ச அண்டு நானும் பெற்றிசியா மாமியும் முழங்காலிலை இருந்து அழுதனாங்கள். புதுமை எண்டு. அவர் தன்ரை குதிரையைக் காப்பாத்தினவர். அதைக் கொண்டுபோய்த் துவக்குக்கு முன்னாலை நிப்பாட்டுறதோ? மற்றதுகளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை, சேர். நாங்கள் ரண்டு பேரும் நினைக்கேல்லை."

ஏழு குதிரை தப்பிவிட்டது என்ற சந்தோசம் கப்டனின் முகத்தில் இன்னும் இருந்தது. அந்தோனிமுத்து அதைப் பார்த்தபடியே நின்றான். பிறகு அவனுடைய முகம் மாறியது. தலைக்குள் எதையோ திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறவன் போல உதடு அசைந்தது.

"சேர்," என்றான். "அப்ப செவலை?"

கப்டன் திரும்பிக் குழிகள் இருந்த பக்கம் பார்த்தார்.

"செவலையைச் சுடேக்குள்ளை பெருநாள் முடிஞ்சுபோச்சு. அது வெள்ளையுமில்லை. நீங்கள் சொன்னியள், நான் சுட்டனான். அண்டு விடியத்தான் இதின்ரை கட்டி உடைஞ்சது. கையிலை சீழ் காயமுந்திப் போய்ச் சுட்டனான்." அவன் வலது கையை விரித்துப் பார்த்தான். "அது நெத்தியை எனக்குக் கிட்டக் கொண்டந்து வைச்சுது, சேர். கடலை தரப்போறன் எண்டு நினைச்சிட்டுது."

கப்டன் அவனுக்குக் கிட்டப் போனார். "ஓடர் போட்டது நான்," என்றார். இரண்டாம் தரமும் அதையே சொன்னார். அந்தோனிமுத்துவுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. ஆறடி மனுசன் கோயில் படியில் குந்தி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதான். உள்ளே நின்ற வெள்ளைக் குதிரை காதை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டு நின்றது. பாயிசுக்கும் கண் கலங்கிவிட்டது. மணல் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு அப்பால் போனான்.

ரயில் வந்தது. கப்டன் வெள்ளைக் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டே ஸ்ரேசனுக்குப் போய் அதிகாரியைச் சந்தித்தார். கட்டளை நிறைவேறவில்லை என்பதையும், தான் பக்கத்தில் நிற்காமல் போனது தன் பிழை என்பதையும் தன் வாயாலேயே சொன்னார். ஏழு குதிரையில் ஒன்றையும் சுடவில்லை. அந்தோனிமுத்துவுக்குக் கட்டளை மீறியதற்குத் தண்டனை கிடைத்தது. அவன் அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

ஆவணி முடிவில் மழைக்குணம் வந்த ஒரு நாள், பாயிஸ் வேறு விசாரணைக்காகத் தோட்டவெளிப் பக்கம் ஜீப்பில் போனான். பனங்கூடலுக்குள் கோயில் பூட்டிக் கிடந்தது. வாசலில் ஓலைப் பெட்டி இல்லை. கொஞ்சத்தூரம் தள்ளி, முகாம் இருந்த வெறும் மணலில், பெற்றிசியா செவலையின் தாழ்ந்துபோன குழிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நனைத்த கடலை குழிமேல் பரவிக் கிடந்தது. ஊர்க் கழுதைகள் நாலைந்து வந்து அதைத் தின்றுகொண்டிருந்தன. அவர் அவற்றைக் கலைக்கவில்லை. பாயிஸ் ஜீப்பை மெதுவாக்கி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போனான்.